வேர்சிகிச்சை முடிந்த முதல் இரவு: அரசு பல் மருத்துவத் துறைக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: தமிழ்நாடு அரசு மருத்துவம் மற்றும் மக்கள் நல்வாழ்வுத் துறையின் உயர் அலுவலர்களுக்கும், சென்னை, கடலூர், புதுக்கோட்டை அரசு பல் மருத்துவக் கல்லூரிகளின் முதல்வர்களுக்கும், அக்கல்லூரிகளில் வேர்சிகிச்சைத் துறையை நடத்திவரும் பேராசிரியர்களுக்கும்.

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

வணக்கம். மாவட்டத் தலைநகர் ஒன்றில் நெடுங்காலமாகப் பல் மருத்துவம் பார்த்துவரும் நான், ஒரே ஒரு கோரிக்கையை உங்கள் முன் வைப்பதற்காக இம்மடலை எழுதுகிறேன். கடுமையான வலியோடு வரும் பல்லுக்கு வேர்சிகிச்சை (ரூட் கெனால்) செய்யும்போது, வேர்க்குழாயை உலர்த்தி அடைப்பதற்கு முன்னர், கடைசிக் கழுவலாகக் குளிரூட்டிய சலைனை (மருத்துவ உப்புநீரை) ஐந்து நிமிட நேரம் பாய்ச்சும் முறையை அரசு பல் மருத்துவக் கல்லூரிகளிலும், மாவட்ட, வட்ட மருத்துவமனைகளின் பல் மருத்துவப் பிரிவுகளிலும் வழக்கமான நடைமுறையாகக் கொண்டுவர வேண்டும். அவ்வாறு செய்யப்பட்ட நோயாளிகளின் வலி அடுத்த இரண்டு நாட்களில் எப்படி இருந்தது என்பதை முறையாகக் கேட்டுப் பதிவுசெய்யவும் வேண்டும். இதற்குப் புதிய கட்டடமோ, வெளிநாட்டு இயந்திரமோ, பெரிய நிதி ஒதுக்கீடோ தேவையில்லை என்பதால்தான், இதைத் தனிப்பட்ட மருத்துவர்களின் விருப்பத்துக்கு விட்டுவிடாமல் அரசே முன்னெடுக்க வேண்டும் என்று கேட்கிறேன்.

வேர்சிகிச்சை என்ற சொல்லைக் கேட்டதும் நம் மக்கள் மனத்தில் எழும் அச்சம், நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் நேரத்தைப் பற்றியது அன்று. மரத்துப்போகும் ஊசி போட்ட பிறகு பெரும்பாலானவர்களுக்கு அந்த நேரம் தாங்கக்கூடியதாகவே கழிகிறது. ஊசியின் மரமரப்பு இறங்கி, பேருந்தில் வீடு போய்ச் சேர்ந்து, இரவு உணவுக்கு உட்காரும்போது தொடங்குகிற வலிதான் அவர்களுக்கு நினைவில் நிற்கிறது. “நரம்பை எடுத்தாச்சு என்று சொன்னீர்களே டாக்டர், அப்புறம் எப்படி வலிக்கிறது?” என்ற கேள்வியை எதிர்கொள்ளாத பல் மருத்துவர் தமிழ்நாட்டில் இருக்க முடியாது. அந்த ஓர் இரவைப் பற்றிப் பக்கத்து வீட்டில் சொல்லப்படும் கதை, காப்பாற்றக்கூடிய பல்லோடு இருக்கும் இன்னொருவரை, “பிடுங்கிவிடுங்கள், அதுவே போதும்” என்ற முடிவுக்குத் தள்ளிவிடுகிறது. நான் பார்க்கும் ஊர்ப்புறத்தில், காப்பாற்றியிருக்கக்கூடிய கடைவாய்ப் பற்கள் பிடுங்கப்படுவதற்குப் பணத்துக்கு அடுத்த காரணமாக இந்த அச்சமே இருக்கிறது.

அக்கேள்விக்கான விடையிலிருந்தே என் கோரிக்கையும் பிறக்கிறது. நாம் எடுத்துவிடுவது பல்லுக்குள் இருக்கும் கூழையும், அதிலுள்ள நரம்பையும் இரத்தக் குழாய்களையும் மட்டும்தான். வேரைச் சுற்றிப் பல்லை எலும்போடு பிணைத்திருக்கும் நார்த்திசுவும், வேர் நுனியைச் சூழ்ந்த எலும்பும் உயிரோடுதான் இருக்கின்றன, அவற்றின் நரம்புகளும் விழித்தே இருக்கின்றன. கிருமிகளாலும் இறந்த திசுக்களாலும் அப்பகுதி முன்பே வீங்கிச் சிவந்திருக்கும். நாம் ஃபைல் என்னும் மெல்லிய அரத்தை உள்ளே செலுத்திக் குழாயை விரிவாக்கும்போது, எவ்வளவு கவனமாகச் செய்தாலும், சீவப்பட்ட துகள்களில் ஒரு சிறு பங்கு நுனியைத் தாண்டி வெளியே தள்ளப்படுகிறது. கழுவும் மருந்தும் நுனித் திசுவை ஓரளவு எரிச்சலூட்டுகிறது. இத்தனையும் சேர்ந்து அங்கே அழற்சியை மேலும் சில மணி நேரம் தூண்டிவிடுகின்றன. வீங்கிய திசு விரிவதற்கு இடமில்லாத எலும்புக்குள் அடைபட்டிருப்பதால், மேல்பல் கீழ்ப்பல்லில் இலேசாகத் தட்டினாலே உயிர் போகும்படி வலிக்கிறது.

இது எத்தனை பேருக்கு நேர்கிறது என்பதற்கு 2011இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு தெளிவான விடை தந்திருக்கிறது. பல ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்த அத்தொகுப்பின்படி, சிகிச்சைக்கு முன் சராசரியாக 81 விழுக்காட்டினருக்கு வலி இருந்தது. சிகிச்சை முடிந்த ஒரு நாளுக்குள் அது 40 விழுக்காடாகவும், ஒரு வாரத்தில் 11 விழுக்காடாகவும் குறைந்தது. வேர்சிகிச்சை வலியைத் தீர்க்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை. ஆனால் அந்த முதல் நாளில் பத்தில் நான்கு பேர் ஏதோ ஓர் அளவு வலியோடு இருக்கிறார்கள் என்பதும் அதே கணக்கில்தான் அடங்கியிருக்கிறது. நாம் நம் நோயாளிகளிடம் முதல் செய்தியைச் சொல்கிறோம், இரண்டாவதை விட்டுவிடுகிறோம். மூன்று மாத்திரைகளை எழுதிக் கொடுத்து, “கொஞ்சம் வலி இருக்கும், பயப்படாதீர்கள்” என்று அனுப்பிவிடுவது, அந்த நாற்பது பேருக்கு நாம் செய்யக்கூடிய எல்லாவற்றையும் செய்துவிட்டதாக ஆகாது.

குளிர் வலியைத் தணிக்கும் என்பது மருத்துவத்துக்குப் புதிய செய்தி அன்று. கால் சுளுக்கினால் ஐஸ்கட்டி வைக்கிறோம், ஞானப்பல்லை அறுவை செய்து எடுத்த பிறகு கன்னத்தில் ஐஸ் பேக் வைக்கச் சொல்கிறோம். புற்றுநோய்க்காக 5-ஃப்ளூரோயூராசில் மருந்தை ஒரே முறையாக இரத்தக் குழாயில் ஏற்றும்போது வாய்ப்புண் வராமல் தடுக்க, அரை மணி நேரம் ஐஸ் துண்டுகளை வாயில் வைத்திருக்கச் சொல்வது உலகெங்கும் ஏற்கப்பட்ட முறை. குளிர் பட்டதும் இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன, திசுவுக்குள் கசியும் நீர் குறைகிறது, நரம்பு வழியே வலிச் செய்தி செல்லும் வேகம் தளர்கிறது, அழற்சியை வளர்க்கும் வேதிப்பொருட்கள் சுரக்கும் விரைவும் மட்டுப்படுகிறது. வெப்பநிலை பத்து டிகிரி இறங்கினால் வேதிவினைகளின் வேகம் ஏறத்தாழப் பாதியாகும் என்று நாம் பள்ளியில் படித்தது உடலின் திசுக்களுக்கும் பெருமளவு பொருந்தும். வேர்சிகிச்சையில் இருந்த தடை ஒன்றுதான்: அழற்சி இருக்கும் இடம் எலும்புக்குள் ஆழத்தில் இருக்கிறது, கன்னத்தின் மேல் வைக்கும் ஐஸ் அங்கே போய்ச் சேர்வதற்குள் தன் குளிர்ச்சியில் பெரும்பகுதியை இழந்துவிடுகிறது.

அந்த இடத்துக்கு நேர்வழி ஒன்று நம் கையிலேயே இருந்தது. சுத்தம் செய்து முடித்த வேர்க்குழாய்தான் அவ்வழி. மெக்சிகோவைச் சேர்ந்த ஹோர்ஹே வேராவும் அவருடைய குழுவினரும் 2015இல் வெளியிட்ட ஆய்வில், பிடுங்கப்பட்ட ஒற்றை வேர்ப் பற்களின் குழாய்க்குள் 2.5 டிகிரி செல்சியஸ் குளிர்ச்சியுள்ள சலைனை ஐந்து நிமிடம் பாய்ச்சியபோது, வேரின் வெளிப்பரப்பின் வெப்பநிலை பத்து டிகிரிக்கும் மேல் இறங்கியதையும், அந்த இறக்கம் நான்கு நிமிடம் நீடித்ததையும் அளந்து காட்டினர். உயிருள்ள வாயில் இரத்த ஓட்டம் அத்திசுவை விரைவில் சூடாக்கிவிடும் என்பதால், அதே அளவு இறக்கத்தை அங்கே எதிர்பார்க்க முடியாது. ஆனாலும் குளிர்ச்சி வேரின் சுவரைக் கடந்து வெளியே செல்கிறது என்பது அந்த ஆய்வில் உறுதியானது.

அதன் பின்னர் மனிதர்களில் ஆய்வுகள் நடந்தன. துருக்கியில் 170 நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2017இல் வெளியான ஆய்வில், குளிர்ந்த சலைன் பெற்றவர்களுக்கு 24, 48 மணி நேரங்களில் வலி குறைவாக இருந்தது. 2018இல் வேரா குழுவினர் பல மையங்களில் சேர்ந்து செய்த ஆய்வில், பல்கூழ் இறந்து, வேர் நுனியில் அழற்சியோடும் கடுமையான வலியோடும் வந்த 210 பேர் இரண்டு பிரிவாகப் பிரிக்கப்பட்டனர். அறை வெப்பநிலையில் இருந்த சலைனால் கழுவப்பட்டவர்களைவிடக் குளிர்ந்த சலைனால் கழுவப்பட்டவர்களில் வலி வந்தவர்களும் குறைவு, வலியின் கடுமையும் குறைவு, மாத்திரை தேவைப்பட்டவர்களும் குறைவு. எனக்கு இவ்வாய்வு மிக முக்கியமாகப் படுவதற்குக் காரணம், அவர்கள் தேர்ந்துகொண்ட நோயாளிகள் நம் அரசு மருத்துவமனை வரிசையில் காலையில் கன்னத்தைப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கும் நோயாளிகளைப் போன்றவர்கள் என்பதுதான். அதே 2018இல் துருக்கியிலிருந்து வந்த இன்னோர் ஆய்வு, குழாய்க்குள் குளிர்ந்த சலைன், வாய்க்குள் சிறு ஐஸ் பொதி, கன்னத்தின் மேல் ஐஸ் பேக் என மூன்று வழிகளையும் ஒப்பிட்டு, மூன்றிலுமே வலி குறைந்ததாகக் கண்டது. குழாய் வழியைச் செய்ய முடியாத இடத்தில் ஐஸ் பேக்காவது வைக்கலாம் என்பதற்கு அது ஆதாரம்.

இவற்றை மிகைப்படுத்தி உங்கள் முன் வைக்க நான் விரும்பவில்லை. ஆய்வுகள் பெரும்பாலும் சிறியவை, நீரின் குளிர்ச்சி, பாய்ச்சிய நேரம், பயன்படுத்திய கருவி ஆகியவை ஆய்வுக்கு ஆய்வு மாறுபடுகின்றன, வலி என்பதே நோயாளி தன் வாயால் சொல்லும் எண்ணை நம்பி அளக்கப்படுவது. தொகுப்பாய்வுகளைப் பார்த்தால் பலன் தெளிவாகத் தெரிவது முதல் நாளில்தான். நாட்கள் செல்லச் செல்ல இரு பிரிவினரின் வலியும் தானாகவே அடங்கி வேறுபாடு மங்கிவிடுகிறது. முன்பே வலி இல்லாத பல்லில் இதனால் பெரிய பலன் இருக்குமென்று எதிர்பார்க்கவும் இடமில்லை. ஆனால் நான் கேட்பதும் அந்த முதல் நாளைத்தான், முன்பே வலியோடு வருபவர்களுக்காகத்தான். மறுநாள் வேலைக்குப் போனால்தான் கூலி என்ற நிலையில் இருப்பவருக்கு, அந்த ஒரு நாள் சிறிய ஆதாயம் அன்று.

இப்போது செய்முறைக்கு வருகிறேன், ஏனென்றால் இது வெற்றி பெறுவதும் வீணாவதும் மருத்துவரின் கைக்கும் ஐஸ் பெட்டிக்கும் இடைப்பட்ட ஓரடித் தூரத்தில்தான். ஆய்வுகள் சிலவற்றில், எதிர்மறை அழுத்தத்தில், அதாவது நீரை உறிஞ்சி இழுத்து இயங்கும் விலையுயர்ந்த கழுவு கருவிகள் பயன்படுத்தப்பட்டன என்பது உண்மை. நம் மருத்துவமனைகளில் பக்கவாட்டில் துளையுள்ள, 30 கேஜ் அளவிலான மெல்லிய ஊசியைக் கொண்டே தொடங்கலாம். அதைக் குழாயின் அளந்தறிந்த நீளத்துக்கு இரண்டு மில்லிமீட்டர் குறைவாக நிறுத்தி, எங்கும் இறுகிப்பிடிக்காமல் மேலும் கீழும் மெல்ல அசைத்தபடி, ஐந்து நிமிடத்தில் ஏறத்தாழ 20 மி.லி. சலைனைச் சீராகச் செலுத்த வேண்டும். மூன்று, நான்கு குழாய்கள் உள்ள கடைவாய்ப் பல்லில் இதைக் குழாய்களுக்கிடையே பகிர்ந்து செய்ய வேண்டியிருக்கும். அதற்கு மருத்துவரின் பொறுமையும் உதவியாளரின் கவனமும் வேண்டும்.

குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்த சலைன் பாட்டிலை மேசைமேல் வைத்துவிட்டு வேலை செய்தால், மே மாதத்துச் சென்னையிலோ வேலூரிலோ, சிரிஞ்ச் மூன்றாவது முறை நிரப்பப்படும்போது அது குளிர்ந்த நீராக இருக்காது. ஊசிக்குழலைக் கையில் பிடித்திருக்கும் நேரத்திலேயே உள்ளங்கையின் சூடு அதற்குள் ஏறிவிடுகிறது. ஆகவே ஐந்து மி.லி. சிரிஞ்சுகள் நான்கை முன்கூட்டியே நிரப்பி, ஊசியை மாட்டாமல் மூடியிட்டு, கிருமிநீக்கப்பட்ட உறையிலிட்டு, பாதி ஐஸும் பாதி நீருமாக உள்ள சிறு தெர்மாக்கோல் பெட்டியில் வைத்து, ஒன்று முடிந்ததும் அடுத்ததை எடுக்க வேண்டும். உருகிக்கொண்டிருக்கும் ஐஸ் நீரின் வெப்பநிலை சுழியத்தை ஒட்டியே நிற்கும் என்பதால், மின்சாரம் தடைப்பட்டாலும் இந்தப் பெட்டி தன் வேலையைச் செய்யும். பெட்டிக்குள் ஒரு சாதாரண வெப்பமானியைச் செருகி வைத்து, தொடங்கும் நேரத்து அளவை நோயாளியின் சீட்டில் குறித்துவிட்டால், பின்னால் பதிவேட்டைப் பார்ப்பவருக்கு எந்தக் குளிர்ச்சியில் செய்தோம் என்பது தெரியும்.

ஒன்றை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையங்களில் இரண்டு முதல் எட்டு டிகிரிக்குள் நிற்கும் தடுப்பூசிக் குளிர்பெட்டி இருக்கிறதே, அதில் சலைனை வைத்துக்கொள்ளலாமே என்ற எண்ணம் யாருக்கும் எளிதில் வரும். அப்பெட்டி தடுப்பூசிகளுக்கு மட்டுமே உரியது, வேறு எதற்காகவும் அதைத் திறந்து மூடுவது குழந்தைகளுக்குப் போடும் மருந்தைக் கெடுக்கும். பல் பிரிவுக்கென ஒரு சிறு குளிர்சாதனப் பெட்டி வேண்டும், அது கிடைக்காத இடத்தில் ஐஸ் பெட்டி வேண்டும். சலைனோ நம் மருத்துவமனைகள் அனைத்திலும் ஏற்கெனவே உள்ள பொருள். 1994இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் இத்தனை ஆண்டுகளாக மருந்துகளை மருத்துவமனைதோறும் கொண்டு சேர்க்கும் ஒழுங்கைப் பார்த்தவன் என்ற முறையில், பக்கத்துளை ஊசிகளையும் ஐஸ் பெட்டிகளையும் அது வழங்கும் பொருட்களின் பட்டியலில் சேர்ப்பது கடினமான காரியம் என்று நான் நம்பவில்லை.

குளிர்ந்த சலைன் எதைச் செய்யாது என்பதையும் பயிற்சியில் தெளிவாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும். அது கிருமியைக் கொல்லாது, இறந்த திசுவைக் கரைக்காது. அந்த வேலை சோடியம் ஹைப்போகுளோரைட்டினுடையது. ஹைப்போகுளோரைட்டையே குளிரவைத்துப் பாய்ச்சலாமே என்று யாராவது சுருக்குவழி தேடினால், திசுவைக் கரைக்கும் அதன் ஆற்றல் குளிரில் குறைந்துபோகும், வலியைத் தணிக்கப் போய் நோயை உள்ளேயே விட்டுவைத்ததாகும். எனவே எச்சில் புகாதபடி பல்லைச் சுற்றி ரப்பர் டேம் என்னும் ரப்பர் திரையைக் கட்டி, நீளத்தைச் சரியாக அளந்து, ஹைப்போகுளோரைட்டாலும் குழாய்ச் சுவரில் படிந்த துகள்படலத்தை நீக்கும் இ.டி.டி.ஏ. கரைசலாலும் முறைப்படி கழுவி முடித்த பின்னர், அதற்குப் பிறகுதான் குளிர்ந்த சலைன். அதன் பிறகு பேப்பர் பாயிண்ட் என்னும் உறிஞ்சு காகிதக் குச்சியால் குழாயை நன்றாக உலர்த்தி, குளிர்ச்சி தணியச் சற்றே நேரம் விட்டு, பிறகே குழாயை அடைக்கும் சீலர் பசையும், கட்டா பெர்ச்சா என்னும் ரப்பர் போன்ற பொருளும். பல்லின் மேல் போட்ட நிரப்பு உயர்ந்து எதிர்ப்பல்லில் தட்டினால் எத்தனை குளிர்ந்த நீரும் அந்த வலியை நிறுத்தாது. கடியைச் சரிபார்க்கும் இரண்டு நிமிடத்தை இதற்காகத் தியாகம் செய்துவிடக் கூடாது.

எதிர்த்திசையில் ஒரு சான்றும் இருக்கிறது, அதையும் மறைக்காமல் முன்வைப்பதே முறை. பிடுங்கப்பட்ட பற்களில் ஆய்வகத்தில் செய்யப்பட்ட ஒரு சோதனையில், குளிர்ந்த நீர் பாய்ச்சிய வேர்களின் முறிவைத் தாங்கும் ஆற்றல் குறைந்ததாகக் காணப்பட்டது. அது உயிருள்ள பல்லில் எந்த அளவுக்குப் பொருந்தும் என்பது விவாதத்துக்கு உரியது. ஆயினும் ஏற்கெனவே விரிசல் விழுந்த பல், மிகவும் மெலிந்த வேர், நுனி மூடாத இளம் பல், வேரில் துளை விழுந்த பல் ஆகியவற்றில் இம்முறையைத் தவிர்ப்பது நல்லது. குளிர் பட்டால் உடம்பில் தடிப்பு எழும்புகிறவர்கள், குளிரில் விரல் வெளுத்து வலிக்கும் ரேனாட் நோய் உள்ளவர்கள் யார் யார் என்பதையும் முன்பே கேட்டறிய வேண்டும். இப்படி வரையறை செய்து எழுதப்பட்ட ஓர் அரசு வழிகாட்டுதல் இருந்தால், இளம் மருத்துவர் எங்கே செய்யலாம், எங்கே கூடாது என்று தடுமாற வேண்டியிருக்காது.

இத்தனை அக்கறை எதற்கு, வலி மாத்திரைதான் இருக்கிறதே என்று கேட்பவர்களுக்கு, மாத்திரை போட முடியாதவர்களைப் பற்றிச் சொல்ல விரும்புகிறேன். சிறுநீரகம் பாதிக்கப்பட்டு, வாரந்தோறும் மாவட்ட மருத்துவமனைக்குப் போய்வந்துகொண்டிருந்த நடுத்தர வயதுப் பெண் ஒருவர், கீழ்த்தாடைக் கடைவாய்ப் பல் வலியோடு என்னிடம் வந்தார். அவருடைய சிறுநீரக மருத்துவர், ‘வலி மாத்திரை எதுவும் கூடாது, வேண்டுமானால் பாராசிட்டமால் மட்டும்’ என்று சிவப்பு மையில் எழுதி நோட்டின் முதல் பக்கத்திலேயே ஒட்டியிருந்தார். முந்தைய இரண்டு இரவும் அவர் படுக்கவில்லை, சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே இருந்திருக்கிறார். பல்லைத் திறந்து சுத்தம் செய்து, குளிர்ந்த சலைனை ஐந்து நிமிடம் பாய்ச்சிய பின்னர், கன்னத்தில் வைக்க ஐஸ் பேக்கும் பாராசிட்டமாலும் கொடுத்து அனுப்பினேன். மறுநாள் காலையில் தொலைபேசியில் கேட்டபோது, பல் கனமாக இருக்கிறது, கடித்தால் வலிக்கிறது, ஆனால் இரவு தூங்கிவிட்டேன் என்றார். ஒரு நோயாளியை வைத்து எந்த முறையையும் நிறுவ முடியாது, பல்லைத் திறந்து சுத்தம் செய்ததாலேயே வலியில் பெரும்பகுதி குறைந்திருக்கும். நான் சொல்ல வருவது, அவரைப் போன்றவர்களுக்கு நம்மிடம் வேறு வழிகள் மிகக் குறைவு என்பதைத்தான்.

அவர் தனி ஒருவர் அல்லர். வயிற்றுப்புண் உள்ளவர்கள், இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்கள், சில வகை ஆஸ்துமா நோயாளிகள், இதயம் தளர்ந்தவர்கள், கருவுற்று ஐந்து மாதத்தைக் கடந்த தாய்மார்கள் ஆகியோருக்கு ஐபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் போன்ற மாத்திரைகள் ஆபத்தானவை அல்லது தவிர்க்கப்பட வேண்டியவை. நீரிழிவும் இரத்தக் கொதிப்பும் பரவியுள்ள நம் மாநிலத்தில், தன் சிறுநீரகம் பழுதுபட்டிருப்பது தெரியாமலே இருப்பவர்களும் உண்டு. நாம் மூன்று நாளைக்கு எழுதிக் கொடுக்கும் மாத்திரை தீர்ந்தும் வலி தீரவில்லையென்றால், அவர்கள் மருத்துவரிடம் திரும்பி வருவதற்கு முன் மருந்துக்கடைக்குப் போகிறார்கள். அங்கே பெயர் சொல்லாமலே ‘பல்வலிக்கு ஒரு செட்டு’ கிடைக்கிறது, அதில் பெரும்பாலும் ஓர் ஆன்டிபயாட்டிக்கும் சேர்ந்திருக்கிறது. ஆன்டிபயாட்டிக் இந்த வலியைக் குறைப்பதில்லை. பல்லுக்கு உரிய சிகிச்சையை உடனே செய்ய முடிகிற நிலையில், பல்கூழ் நோய்களிலும் வேர்நுனி நோய்களிலும் பெரும்பாலானவற்றுக்கு ஆன்டிபயாட்டிக் வேண்டியதில்லை என்று அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 2019இல் வழிகாட்டுதல் வெளியிட்டது. மருந்துக்குக் கட்டுப்படாத கிருமிகளைப் பற்றி உங்கள் துறை கவலைப்படுவது உண்மையென்றால், அந்த முதல் இரவின் வலியைக் குறைப்பதும் அக்கவலையின் ஒரு பகுதியாக இருக்க வேண்டும்.

வீட்டில் செய்ய வேண்டியதைப் பற்றியும் சில சொல்ல வேண்டும். கன்னம் வீங்கினால் நம் வீடுகளில் முதலில் நடப்பது சூட்டு ஒத்தடம்தான். உப்பையோ தவிட்டையோ வறுத்துத் துணியில் முடிந்து, பொறுக்கக்கூடிய சூட்டில் கன்னத்தில் ஒற்றியெடுப்பது பாட்டி காலத்திலிருந்து வருவது, அன்பால் செய்யப்படுவது. மூட்டுவலிக்கு இதமாக இருக்கும் அந்தச் சூடு, சிகிச்சை முடிந்த அன்றிரவு அழற்சியுள்ள தாடைக்கு இரத்தத்தை மேலும் இழுத்து, வீக்கத்தைக் கூட்டிவிடக்கூடும். அதே வேளையில், ஐஸ் வைத்தால் சளி பிடிக்கும், பல் கூசும் என்ற தயக்கமும் நம் மக்களிடம் வலுவாக இருக்கிறது. பல்கூழ் எடுக்கப்பட்ட பல்லுக்குக் குளிர் தெரியாது என்பதையும், மெல்லிய துணியில் சுற்றிய ஐஸைப் பத்து நிமிடம் வைத்து, பத்து நிமிடம் எடுத்துவிட வேண்டும் என்பதையும், ஐஸைத் தோலின் மேல் நேரடியாக வைத்தபடி தூங்கிவிடக் கூடாது என்பதையும் யாராவது பொறுமையாகச் சொன்னால்தான் அவர்கள் செய்வார்கள். நம் வெளிநோயாளர் பிரிவில் அதற்கு நேரமில்லை என்பது எனக்குத் தெரியும். ஆகவே எளிய தமிழில், பெரிய எழுத்தில், படத்தோடு அச்சிட்ட ஒரு பக்கத் தாளை ஒவ்வொரு நோயாளியின் கையிலும் கொடுத்தனுப்பும் ஏற்பாட்டைச் செய்யுங்கள். வீக்கம் கண்வரை ஏறினாலோ, காய்ச்சல் வந்தாலோ, வாயைத் திறக்கவோ விழுங்கவோ முடியாமல் போனாலோ ஐஸோடு காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்கு வர வேண்டும் என்ற எச்சரிக்கை அத்தாளின் மேற்பகுதியிலேயே இருக்கட்டும்.

தனியார் மருத்துவமனைகளிலும் இம்முறை பரவத் தொடங்கியிருப்பதை நான் மகிழ்ச்சியோடு பார்க்கிறேன். ஆனால் ‘கிரையோ சிகிச்சை’ (குளிர் சிகிச்சை) என்று தனிப் பெயர் சூட்டித் தனிக் கட்டணம் வாங்கும் போக்கு தலைகாட்டினால், அதை இப்போதே தடுப்பது நல்லது. இது ஒரு பாட்டில் சலைனும் ஐஸும் ஐந்து நிமிடப் பொறுமையும் மட்டுமே. அரசு கல்லூரிகள் இதைச் சாதாரணமான, கட்டணமில்லாத இறுதிக் கழுவலாகச் செய்யத் தொடங்கினால், வெளியேயும் அதற்குத் தனி விலை நிற்காது.

சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரி 1953இலிருந்து இம்மாநிலத்துக்குப் பல் மருத்துவர்களைத் தந்துவருகிறது. கடலூர் மாவட்டத்துக் கல்லூரி அரசின் பொறுப்புக்கு வந்துவிட்டது, புதுக்கோட்டையில் 2023இல் புதிய கல்லூரி திறக்கப்பட்டிருக்கிறது. மூன்று இடங்களிலும் ஒரே படிவத்தில் பதிவுசெய்தால், சிறு ஆய்வுகளால் இதுவரை தீர்க்க முடியாத கேள்விகளுக்குத் தமிழ்நாட்டு நோயாளிகளிடமிருந்தே விடை கிடைக்கும். குறைந்த செலவில் எந்தக் குளிர்ச்சி போதும், எத்தனை நிமிடம் போதும், எளிய ஊசிக்கும் விலையுயர்ந்த கருவிக்கும் உண்மையில் வேறுபாடு உண்டா, நீரிழிவு உள்ளவர்களுக்குப் பலன் மாறுகிறதா என்பவை அக்கேள்விகள். அதற்கு நெறிமுறைக் குழுவின் அனுமதியும், நோயாளியின் ஒப்புதலும், சிகிச்சைக்குப் பின் ஆறு, இருபத்துநான்கு, நாற்பத்தெட்டு மணி நேரங்களில் ஒரு தொலைபேசி அழைப்பும் வேண்டும். பயிற்சி மருத்துவர்கள் அந்த அழைப்பைச் செய்தால், தாங்கள் சிகிச்சை செய்த பல்லுக்கு உரியவர் அன்றிரவு எப்படி இருந்தார் என்பதை அவர்கள் தங்கள் காதால் கேட்பார்கள். எழுத்துத் தேர்வில் இடம்பெறாத அந்தப் பாடத்தை வேறு எங்கும் அவர்கள் கற்க வாய்ப்பில்லை.

ஆகவே, முதற்கட்டமாக மூன்று கல்லூரிகளின் வேர்சிகிச்சைத் துறைகளும் சேர்ந்து ஒரு பொது வழிகாட்டுதலை எழுதவும், தட்டினால் வலிக்கும் கீழ்த்தாடைக் கடைவாய்ப் பற்களில் முதலில் தொடங்கவும், அதற்கான ஊசிகளையும் ஐஸ் பெட்டிகளையும் தமிழ் அறிவுரைத் தாளையும் வழங்கவும், ஓராண்டுப் பதிவுகளைப் பொதுமக்கள் பார்க்கும்படி வெளியிட்ட பின்னர் மாவட்ட, வட்ட மருத்துவமனைகளுக்கு விரிவுபடுத்தவும் ஆணையிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். பதிவுகள் இம்முறைக்கு எதிராகப் பேசினால், அதையும் அதே வெளிப்படையோடு அறிவித்து முறையைக் கைவிட வேண்டும் என்பதும் என் கோரிக்கையின் பகுதியே. வழிகாட்டுதலை எழுதும் குழுவில் மாவட்ட மருத்துவமனைப் பல் மருத்துவர் ஒருவரையும், பல் பிரிவுச் செவிலியர் ஒருவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஐஸ் எப்போது தீரும், சிரிஞ்ச் எங்கே இருக்கும் என்பதை அவர்களே சரியாகச் சொல்வார்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மாவட்டத் தலைநகர் ஒன்றில் பணிபுரியும் பல் மருத்துவர்